யார் யார் சோறு வைக்கிறார்கள்?

அரிப்பு என்று ஒரு லேப்ரடாரைக் கூட்டி வந்தால், காதையும் பாதத்தையும் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுவேன். "வீட்டுல இவனுக்கு யார் யாருங்க சோறு வெக்கறது?" சங்கிலியைப் பிடித்திருப்பவர் "நான் மட்டுந்தானுங்க" என்பார். கூட வந்த பிள்ளை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால் பிஸ்கட், ஐஸ்கிரீம் கப்பின் அடி, வாட்ச்மேன் அண்ணன் பிய்த்துப் போடும் பன் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கு எனக்கு வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, கோவையில் கிளினிக் போட்ட புதிதில் பொமரேனியன், அல்சேஷன், டாபர்மேன் என்றுதான் வரும். பிறகு லேப்ரடார் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. சாது, பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும் என்று வாங்குகிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஒவ்வாமைத் தோல்நோய் அதிகம் காணப்படும் இனங்களில் இதுவும் ஒன்று என்பதைக் குட்டி விற்பவர்கள் சொல்வதில்லை. காது மடலைப் புரட்டினால் உட்புறம் சிவந்து தடித்திருக்கும். பழுப்பு மெழுகு வழியும். புளித்த மாவு மாதிரி ஒரு வீச்சம் எழும். மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகியதன் அடையாளம் அது. வெளிர்மஞ்சள் நாயாக இருந்தால் விரலிடுக்கு ரோமமெல்லாம் செம்பழுப்பாகிக் கிடக்கும். இரவெல்லாம் நக்கியதால் ஏறிய எச்சில் கறை. அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய தோல் கறுத்துச் சொரசொரத்திருக்கும். பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறது என்று பூச்சி மாத்திரை மேல் பூச்சி மாத்திரையாகக் கொடுத்திருப்பார்கள்.

கூடவே ஒரு தடித்த ஃபைல் வரும். "ஊசி போட்டா பத்து நாள் நல்லாயிருக்கானுங்க, அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சுடறான்." அநேகமாக அது ஸ்டீராய்டு. அரிப்பை அது அடக்கும், மறுக்கவில்லை. ஆனால் தாகத்தையும் சிறுநீரையும் பசியையும் கூட்டிவிடும். ஏற்கெனவே தட்டை நக்கியே தேய்த்துவிடும் இனத்துக்கு இன்னும் பசி ஏறினால் என்ன ஆகும்? உடம்பு ஊதும், மூட்டு கெடும், காரணம் மட்டும் அப்படியே இருக்கும்.

அரிக்கிறது என்றாலே உணவு ஒவ்வாமை என்று நான் முடிவு கட்டுவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் உண்ணியும் தெள்ளும் ஆண்டு முழுவதும் உண்டு; சொறிப்பூச்சியும் உண்டு. அவற்றைத் தீர்க்காமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது வீண். அடுத்தது வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளாலும் மகரந்தத்தாலும் வரும் ஒவ்வாமை. எண்ணிக்கையில் உணவு ஒவ்வாமையைவிட அதுதான் அதிகம். இரண்டும் தோலில் ஒரே மாதிரிதான் தெரியும். சில சாடைகள் உணவின் பக்கம் கை காட்டும்: அரிப்பு ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கியிருக்கும், பருவம் மாறினாலும் குறையாது, காதுப் புண் ஆறி ஆறித் திரும்பும், நாளைக்கு நாலைந்து முறை மலம் கழிக்கும், வயிறு உறுமும். சாடை மட்டுமே, சாட்சி ஆகாது.

இரத்தம், எச்சில், ரோமம் எதையாவது அனுப்பினால் ஆகாத உணவுகளின் பட்டியல் தரும் பரிசோதனைகள் இருக்கின்றன. நிறையச் செலவழித்து அந்தத் தாளோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படும். நாயின் உணவு ஒவ்வாமையை அந்தப் பரிசோதனைகள் நம்பகமாகக் காட்டுவதில்லை. ஆரோக்கியமான நாயின் எச்சிலுக்கும் நீளமான பட்டியல் வரக்கூடும். கண்டுபிடிக்க இருப்பது ஒரே வழி: இதுவரை தின்னாத உணவை மட்டும் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பது, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது.

எந்த உணவு ஆகாமல் போகிறது? 297 நாய்களின் பதிவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு ஆய்வில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று இருந்தது. இது பெரும்பாலும் மேல்நாட்டு நாய்களின் கணக்கு. உடம்பு எதிர்ப்பது அது அடிக்கடி சந்தித்த புரதத்தைத்தான் என்பதால், ஒவ்வொரு ஊரின் பட்டியலும் அந்த ஊர் நாயின் தட்டைப் பொறுத்தது. எங்கள் பக்கம் பல்லடம் கறிக்கோழிக்குப் பேர்போனது, நாமக்கல் முட்டைக்கு. கோழிக்கடையில் தலை, கழுத்து, கால் எல்லாம் நாய்க்கென்று மலிவாகக் கிடைக்கும். இரண்டாவது, தயிர்சோறு. மூன்றாவது, பிஸ்கட்; அதில் கோதுமையும் பாலும் சேர்ந்தே இருக்கின்றன. "ரெண்டு வருசமா இதைத்தானே திங்கறான், இப்ப எப்படிங்க ஒத்துக்காமப் போகும்?" என்று கேட்பார்கள். பழகிய சாப்பாடுதான் பெரும்பாலும் பகையாகிறது என்பதை நம்ப வைப்பது எளிதில்லை. தானியமே இல்லாத தீனி என்று ஒரு மோகம் இப்போது பரவியிருக்கிறது. அரிசியைக் குற்றவாளியாக்கிவிட்டு, அதே கோழியை விலை கூடிய பையில் வாங்கிப் போடுகிறார்கள்.

இதோடு நம் சூடு, குளிர்ச்சிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. தோல் சிவந்தால் உடம்புச் சூடு. கோழி சூடு, தயிர் குளிர்ச்சி. அதனால் அரிப்பு வந்ததும் முதல் வேலையாகக் கோழியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் தயிர்சோறு போடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்த நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை. ஆனால் நாய்க்குப் பால் புரதம் ஆகாத இடத்தில் அந்தக் குளிர்ச்சியே நோயை வளர்க்கிறது. பால் குடித்து வயிற்றுப்போக்கு ஆவது வேறு, அது பாலின் சர்க்கரை செரிக்காததால் வருவது. தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு, அதனால் வயிறு தாங்கிக்கொள்ளும். புரதம் தயிரிலும் முழுசாக இருக்கிறது, தோல் தாங்காது.

லேப்ரடாரைப் பத்தியத்தில் வைப்பது மற்ற இனங்களை வைப்பதைவிடக் கடினம். அது வளர்ப்பவரின் கண்டிப்புக் குறைவால் மட்டும் வருவது கிடையாது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலனர் ராஃபனும் குழுவினரும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போயிருப்பதை லேப்ரடார்களில் கண்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்கு இந்தக் குறை இருக்கிறது. அந்த நாய்களுக்கு ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் பசி கூடுதலாக எடுக்கிறது. குறையுள்ள நாய்கள் ஓய்வில் இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றலும் ஏறத்தாழ கால் பங்கு குறைவு என்று 2024-இல் அதே வழியில் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு "இது பெருந்தீனி நாய்" என்று யாராவது திட்டினால் எனக்குப் பொறுக்காது. அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது. குப்பைக்கூடை, பூனைத் தட்டு, குழந்தையின் உயர நாற்காலிக்கு அடியில் சிந்திய பருக்கை, எல்லாவற்றையும் அது தேடிப் போகத்தான் செய்யும். அடைக்க வேண்டிய வழிகளை நாம்தான் அடைக்க வேண்டும்.

பத்தியத்துக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று, புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்துச் செய்த மருத்துவத் தீனி. கோழி ஈரல், சோயா, ஏன் கோழி இறகையே மூலமாக வைத்துக்கூடச் செய்கிறார்கள். துணுக்கு போதிய அளவு சிறிதாகிவிட்டால் உடம்பின் எதிர்ப்பு அதை அடையாளம் காணாது. நல்ல பாதைதான், ஆனால் 30 கிலோ நாய்க்கு மாதக்கணக்கில் வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய சுமை. கடையில் கிடைக்கும் சாதாரண ஆட்டிறைச்சித் தீனி இதற்கு ஈடாகாது. உறையில் எழுதாத கோழியும் மாடும் அப்படிப்பட்ட தீனிகளில் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொன்று, வீட்டிலேயே சமைப்பது: நாய் இதுவரை தின்னாத ஒரே இறைச்சி, ஒரே மாவுப்பொருள். இங்கேதான் யோசிக்க வேண்டும். கோழிக்குப் பதில் காடையோ வாத்தோ போடலாம் என்பார்கள். பறவைகளின் புரதங்கள் ஒன்றுக்கொன்று உறவு. கோழிக்கும் மீனுக்குமேகூட நாய்களின் இரத்தத்தில் அப்படியொரு தொடர்பு தெரிந்திருக்கிறது. பால், மாடு, ஆடு மூன்றும் இன்னொரு குடும்பம். பால் ஆகாது என்ற சந்தேகம் இருந்தால் மட்டன் பக்கம் போக மாட்டேன். அதனால் எங்கள் பக்கத்தில் நான் அதிகம் சொல்வது வெண்பன்றி. அது வேண்டாம் என்கிற வீட்டுக்கு முயல். கொடைக்கானல் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் முயல் வளர்ப்பை ஊக்குவிக்கிறது, பண்ணைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும். சைவ வீடு என்றால் கொண்டைக்கடலையை வைத்து ஏதாவது செய்து பார்க்கிறோம். மாவுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஓடி விளையாடும் 30 கிலோ நாய்க்கு நாளைக்கு 1,200 முதல் 1,400 கிலோகலோரி தேவைப்படும். எடையைப் பார்த்துக் கூட்டிக் குறைப்போம். பன்றி இறைச்சியை நன்றாக வேக விட வேண்டும், உப்பு மிளகாய் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் கூடவே கூடாது. புது உணவுக்கு ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மாற்றுவோம். முதல் இரண்டு மூன்று வாரம் அரிப்பை அடக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு நிறுத்திப் பார்ப்பேன். அரிப்பில் துடிக்கிற நாயை வைத்துக்கொண்டு எந்த வீடும் பொறுமையாக இருக்க முடியாது.

எட்டு வாரம் என்று சொன்னதும் முகம் வாடும். ஐந்து வாரத்தில் பத்தில் எட்டு நாய்களுக்குத் தெரிந்துவிடும். எட்டு வாரம் போனால் பத்தில் ஒன்பதுக்கும் மேல். மிச்சமுள்ள அந்த ஓரிரு நாய்களுக்காகத்தான் எட்டு வாரம் கேட்கிறேன்.

இந்த வாரங்களில் ஒரு துண்டு பிஸ்கட் போனாலும் கணக்கு கலங்கிவிடும். உண்ணிக்காகக் கொடுக்கும் மென்று தின்னும் மாத்திரையில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். அதை நிறுத்திவிட்டுக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு மாற்றுவேன். மாத்திரையைப் பனீரில் பொதிந்து கொடுக்கிற பழக்கத்தைக் கேட்டு நிறுத்தச் சொல்வேன். பற்பசை, சத்து டானிக், எலும்பு வடிவ மெல்லும் பொருள் எல்லாம் பட்டியலில் உண்டு.

ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டும். கோவையில் கணபதி பக்கம் ஒரு கூட்டுக்குடும்பம். மூன்று வயது மஞ்சள் லேப்ரடார், பெயர் லக்கி. கோழியை நிறுத்தி மாதங்களாகியிருந்தன, தயிர்சோறுதான். அரிப்பு மட்டும் நிற்கவில்லை. வெண்பன்றியும் கிழங்கும் என்று முடிவானது. சமையலறைக்குள் பன்றிக்கறி வரக்கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் விறகடுப்பு மூட்டி, தனிச் சட்டி வைத்து, மருமகள் தினமும் விடிகாலையில் சமைத்தார். அந்த உழைப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு மரியாதை வருகிறது. அரிப்புக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை தினமும் ஒரு மதிப்பெண் போடச் சொல்லியிருந்தேன். தனி நோட்டு தேடாமல், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரிலேயே தேதிக் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வந்தார்.

எட்டு என்றிருந்தது நாலுக்கு வந்தது, மூன்றுக்கு வந்தது. திடீரென்று ஏழு. மறுபடி இறங்கியது. மறுபடி ஏழு. யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். காலண்டர் தாளைக் கொண்டு வரச் சொன்னேன். மேசையில் விரித்துப் பார்த்தபோது பென்சில் எண்களைவிட அச்சடித்த கறுப்பு வட்டங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. ஏழு என்ற எண் விழுந்த நாட்கள் எல்லாம் கறுப்பு வட்டத்துக்கு அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோதான்.

"அமாவாசைக்குச் சொறி சிரங்கு கூடுமுன்னு எங்க காலத்துலயே சொல்லுவாங்க கண்ணு" என்றார் அப்பத்தா.

"அமாவாசைக்கு வீட்டுல என்னங்க செய்வீங்க?" என்று கேட்டேன்.

"காக்காய்க்குச் சோறு வெப்போம். மொட்டை மாடிச் செவுத்து மேல வாழை இலையில."

"இலையில என்னென்னங்க?"

"சோறு, பருப்பு, நெய், கொஞ்சம் தயிரு, ஒரு வடை." சொல்லிக்கொண்டே வந்தவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். காக்கை இலையைக் கொத்தி இழுத்தால் பாதிச் சோறு தளத்தில்தான் விழும். மாடிக் கதவு திறந்திருக்கும் நேரமும் அதுதான். தளத்தில் ஒரு பருக்கைகூட மிச்சமிருந்ததில்லை, காக்கையே எடுத்துவிடுகிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

முன்னோர்க்கு வைக்கும் சோற்றை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, சொல்லவும் தோன்றவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல்தளத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "காக்காய்க்கு உசரமா இருந்தா நல்லதுதான்" என்று அப்பத்தாவே முடித்துவிட்டார். எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம். அடுத்த கறுப்பு வட்டம் வந்தது. அதன் பக்கத்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள்.

நாய் தெளிந்ததும் எல்லாரும் ஓட நினைப்பது அடுத்த கட்டத்திலிருந்துதான். பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றால், "நல்லா இருக்கற நாயை எதுக்குங்க கெடுக்கணும்?" என்பார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைச் செய்யாவிட்டால் குறைந்தது உணவாலா, பருவம் மாறியதாலா, இடையில் கொடுத்த மருந்தாலா என்று தெரியாது. ஆயுள் முழுக்கக் காரணமில்லாமல் அந்த நாயைக் கிழங்கிலேயே வைத்திருப்போம். ஒரு நேரத்தில் ஒரே பொருள், அதிகம் போனால் இரண்டு வாரம். ஆகாதது என்றால் பெரும்பாலும் சில நாட்களிலேயே காட்டிவிடும். லக்கிக்கு முதலில் வேகவைத்த கோழி. ஒன்றும் ஆகவில்லை. அரிசி, அதுவும் சரி. பிறகு தயிர். இரண்டாம் நாள் மாலையே பாதத்தை நக்கத் தொடங்கினான். நிறுத்தினோம், அடங்கியது. மாதக்கணக்கில் சூடு என்று விலக்கி வைத்த கோழி, அவனுக்கு ஒத்துக்கொள்ளும் உணவு என்று ஆனது.

கோழியும் சோறும் மட்டும் நீண்ட நாளைக்குப் போதாது. வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, எலும்பு தேய்ந்துவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாமா என்று கேட்டார்கள். ஓட்டின் உட்சவ்வில் முட்டைப் புரதம் ஒட்டியிருக்கும். முட்டையை இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. அதனால் சுத்தமான கால்சியம் கார்பனேட் தூள், கூடவே துத்தநாகமும் தாமிரமும் வைட்டமின்களும் கொண்ட ஒரு கலவை, எடைக்குத் தக்க அளவில். வளரும் குட்டியாக இருந்திருந்தால் வீட்டுச் சமையலுக்கே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன், குட்டியின் எலும்பு அந்தத் தவறைத் தாங்காது.

அப்பத்தாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் முட்டியில் தலை வைத்துப் பார்க்கிற உயிருக்கு ஒன்றும் போடாமல் எப்படிச் சாப்பிடுவது? சர்க்கரைவள்ளியை வேகவைத்து வட்டமாக நறுக்கி வெயிலில் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு, அதை அவர் பொறுப்பிலேயே விட்டோம். அவரைத் தவிர யாரும் அந்த டப்பாவைத் திறக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மற்ற எல்லாரையும்விடக் கறாராக இப்போது கணக்குப் பார்ப்பது அவர்தான். விருந்தாளி கையில் பிஸ்கட்டோடு நாயை நெருங்கினால் திண்ணையிலிருந்தே குரல் கொடுத்துவிடுவார்.

போன பொங்கலுக்கு முந்தின நாள் அவரே போன் செய்தார். "பாலு ஊத்தாம சர்க்கரைப் பொங்கல் வெச்சா இவனுக்கு ஒரு வாய் குடுக்கலாமுங்களா டாக்டரம்மா?"

"திராட்சை போடுவீங்களாங்க அப்பத்தா?"

"போடுவோம்."

"உலர்ந்த திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துருமுங்க. வெல்லமும் வேண்டாம், ஏற்கெனவே எடை கூடிட்டான். பொங்கி வர்றதுக்கு முந்தி தண்ணியில வெந்த வெறும் பச்சரிசியை மட்டும் தனியா ஒரு கரண்டி எடுத்து வெச்சுருங்க."

"பானை பொங்கறதுக்கு முன்னாடி எப்படி எடுக்கறது? அவனுக்குச் சின்னதா ஒரு தனிப்பானையே வெச்சுப்புடறேன்" என்றார்.